நாற்பது வளைவுகளும் ஒரு நேர்காணலும்

மகள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது கட்டுரை, மதிப்பெண், சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் அலைந்தோம். அங்கே படித்த பழைய மாணவர் ஒருவர் அவளோடு பேசி அறிக்கை அனுப்புவார் என்பதை மட்டும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கெடு நவம்பர் 1. இரண்டு வாரம் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். அந்த மனிதரின் மின்னஞ்சலோ நான்கு நாளாக ஸ்பேம் பெட்டியில் கிடந்திருக்கிறது. கோவையில் ஒரு காபிக் கடை, புதன்கிழமை, மாலை ஐந்து மணி.

நாங்கள் இருப்பது வால்பாறையில். ஆழியாறு போய்ச் சேர்வதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவிலேயே மகள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். ஐப்பசி மழையில் மண் சரிந்தால் பஸ் நின்ற இடத்தில் நாமும் நிற்க வேண்டியதுதான். பேசி முடித்த கையோடு இரவில் மலையேறுவதும் நடக்காது.

வர முடியாது என்றால் ஆர்வமில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். மழை, சாலை, என் சம்பளம் வரை விளக்கி மூன்று பத்திக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "அப்பா, இது லீவு லெட்டர்" என்று ஒதுக்கிவிட்டாள். அவள் எழுதியது நான்கே வரி: தாமதத்துக்கு வருத்தம், மலைப்பாதை, காணொளியில் பேசலாமா, தனக்குத் தோதான மூன்று நேரங்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. தாராளமாகப் பேசலாம்; அடுத்த வாரம் வேலையாக பாஸ்டனில் இருப்பேன், செவ்வாய்க்கிழமை அங்கே காலை எட்டு மணிக்கு அழைக்கிறேன் என்றார்.

ஒன்பதரை மணி நேரம் கூட்டினேன். நமக்கு மாலை ஐந்தரை.

எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் பிராட்பேண்ட் இருக்கும் நண்பர் வீட்டு முன்னறையைக் கேட்டு வாங்கினோம். பெற்றோர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதால் நான் வாசல் படியில் குடையோடு நின்றேன். சமையலறையில் குக்கர் விசில் வராமல் நண்பரின் மனைவி பார்த்துக்கொண்டார். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. அழைப்பு வரவில்லை. மறந்துவிட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். மகள்தான் எதையோ தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இப்போது வித்தியாசம் பத்தரை மணி நேரம். கணக்குப் போட்டவன் நான். அதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

ஆறரைக்குச் சரியாக அழைத்தார். அவர் கையில் மதிப்பெண் எதுவும் இல்லை. பெயரும் முகவரியும்தான் தந்திருக்கிறார்கள். நேர்காணல் அமையாவிட்டாலும் விண்ணப்பத்துக்குப் பாதகமில்லை என்று கல்லூரியின் தளத்திலேயே எழுதியிருக்கிறது. முன்பே படித்திருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

முக்கால் மணி நேரப் பேச்சில் பாதி, மாடியில் அவள் வைத்திருக்கும் மழைமானியைப் பற்றியதாம். நடுவே மின்சாரம் போய்த் தொடர்பு அறுந்தது. கைப்பேசி எண்ணை முன்பே கொடுத்திருந்ததால் அதில் கூப்பிட்டு மீதியைப் பேசினார்.

மறுநாள் காலை நன்றி மின்னஞ்சல் அனுப்பினாள். கடைசி வரியில், "நேற்று 34 மில்லிமீட்டர்" என்று இருந்தது. இதெல்லாம் எதற்கு என்றேன்.

"அவர்தான் கேட்டார் அப்பா" என்றாள்.