புள்ளியை இழுத்தால் தெரியும்: சாட்ஸ்வர்த் வகுப்பில் ஜியோஜீப்ரா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பாடம் நடக்கும். எங்கள் பிள்ளைகளைக் கலங்கடிப்பது வடிவியல். 2008 முதல் இந்நாட்டு மெட்ரிக் என்ற பள்ளியிறுதித் தேர்வில் யூக்ளிட் வடிவியல் விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதும் மூன்றாம் தாளில் இருந்தது. 2014இல்தான் 150 மதிப்பெண்ணுக்கான இரண்டாம் தாளுக்குள் கட்டாயமாகத் திரும்பி வந்தது. நடுவில் மெட்ரிக் முடித்த அண்ணன்மார், சித்திமார் பலருக்கு வட்டத் தேற்றம் என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள்.

மண்டபத்தில் நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகள் சும்மா கிடந்தன. அவற்றில் எதை ஏற்றலாம் என்று தேடியபோது ஜியோஜீப்ராவைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் கணித மென்பொருள் அது. வணிக நோக்கம் இல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். நாங்கள் கட்டணம் வாங்காததால் கவலையில்லை. காசு வாங்கி டியூஷன் நடத்துபவர்கள் உரிம விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இணையத்திலேயே திறந்து பயன்படுத்தலாம்தான். ஆனால் அப்போது இங்கே டேட்டா விலையும் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். ஆகவே கிளாசிக் 5 என்ற பழைய பதிப்பின், நிறுவத் தேவையில்லாத வடிவத்தைப் பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு கணினியிலும் நகலெடுத்தேன். இணையம் இல்லாமலே ஓடுகிறது. பார்வைக்குப் பழசாக இருந்தாலும் எங்கள் கணினிகளுக்கு அதுதான் பொருத்தம்.

முதல் பாடமாக மையக் கோணத் தேற்றத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு. படத்தை நானே வரைந்து கொடுக்காமல் பிள்ளைகளிடமே விட்டேன். ஒரு பையன் முதலில் மூன்று புள்ளிகளை வைத்தான், பிறகு வட்டத்தை வரைந்தான், அதன் பிறகு புள்ளிகளை வட்டக் கோட்டின் மேல் இருப்பதுபோல் நகர்த்திவைத்தான். பார்க்க அச்சு அசலாக இருந்தது. “இப்போது இழு” என்றேன். புள்ளி வட்டத்தை விட்டு வெளியே ஓடிவிட்டது. கட்டின்றித் திரியும் புள்ளி அடர்நீலமாகவும், வட்டத்தோடு பிணைந்த புள்ளி வெளிர்நீலமாகவும் தெரியும். அந்த நிற வேறுபாட்டைக் கண்டுகொண்ட பிறகு, ‘வட்டத்தின் மேல் உள்ள புள்ளி’ என்று கேள்வித்தாளில் எழுதியிருப்பது ஒரு நிபந்தனை என்பது அவனுக்குப் பிடிபட்டது.

கோணத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. புள்ளிகளைச் சொடுக்கும் வரிசைப்படி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் மென்பொருள் அளக்கும். வரிசையை மாற்றினால் 100 பாகைக்குப் பதில் 260 காட்டும். மையத்தில் 100, பரிதியில் 50 என்று சரியாக வந்தபின் பரிதிக் கோணத்தின் உச்சியான C என்ற புள்ளியைப் பெரிய வில்லில் எங்கே இழுத்தாலும் 50 அசையவில்லை. வில்லின் ஒரு முனையான B புள்ளியைத் தாண்டிச் சிறிய வில்லுக்குள் நுழைந்ததும் 230 என்று குதித்தது.

“உடைந்துவிட்டது அங்கிள்!”

பண்புகளில் போய், கோணத்தின் எல்லையை 0 முதல் 180 வரை என்று மாற்றச் சொன்னேன். 130 வந்தது. அதன் இரு மடங்கு 260. மையத்தின் மறுபக்கக் கோணமும் 360 கழித்தல் 100, அதாவது 260. தேற்றம் எங்கும் போய்விடவில்லை. ஒரு பெண் மெதுவாக, “50ம் 130ம் சேர்ந்தால் 180” என்றாள். எதிர்க் கோணங்களின் கூடுதல் 180 என்று சொல்லும், அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த வட்ட நாற்கரத் தேற்றம் அன்றே வந்து சேர்ந்தது.

இவ்வளவு கண்ணால் பார்த்தபின் நிரூபணம் எதற்கு என்று கேட்பார்கள். அதற்கும் மென்பொருளே கைகொடுத்தது. ஒரு கணினியில் 47.33 என்றும் 94.65 என்றும் காட்டியது. இரு மடங்கு என்றால் 94.66 அல்லவா? தசமம் இரண்டு இடத்துக்கு முழுமையாக்கப்படுவதால் வரும் வேறுபாடு அது. முழு எண்ணாக்கினால் 47, 95 என்று இன்னும் மோசமாகும். அளவு இப்படி இழுபறி செய்யும்போது ஐயம் தீர்ப்பது தர்க்கம்தான். கணினிகளை மூடிவிட்டு, C-யிலிருந்து மையம் வழியாக ஒரு கோடு இழுத்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களை வைத்து ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதவைத்தேன். தேர்வில் காரணம் எழுதாவிட்டால் மதிப்பெண் போய்விடும். மூடாமல் விட்டிருந்தால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். என் கணிப்பில், இந்த மென்பொருளைத் தொடர்ந்து திறந்தே வைத்திருக்கும் வகுப்பு வேடிக்கை பார்க்கும் வகுப்பாகிவிடும்.

சார்புகளின் வரைபடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கப் பாடநூல்களில் அரையை 0,5 என்று காற்புள்ளி போட்டு எழுதுவார்கள். ஜியோஜீப்ராவில் 0.5 என்று புள்ளிதான் போட வேண்டும். (0,5) என்று அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் y அச்சில் ஒரு புள்ளி முளைக்கும். அடுத்தது, இங்கே முக்கோணவியல் வரைபடங்களைப் பாகையில்தான் வரைவார்கள். வெறும் sin(x) என்றால் மென்பொருள் x-ஐ ரேடியன் என்ற வேறொரு கோண அலகில் எடுத்துக்கொள்ளும். ஆல்ட் விசையோடு O விசையை அழுத்தினால் பாகைக் குறி வரும், sin(x°) என்று கொடுங்கள். அலை தட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கிடை அச்சு 360 வரை போகிறது, உயரமோ 1தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அச்சைப் பிடித்து இழுத்தால் அலை எழுந்து நிற்கும்.