விளக்கின் கழுத்தில் ஒரு கோடு

காலையில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே அந்தத் தீபாவளித் தள்ளுபடி மின்னஞ்சலைத் திறந்தேன். குத்துவிளக்கின் கழுத்தை அறுத்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு.

செய்தது நான்தான்.

ஃபோட்டோஷாப்பில் ஸ்லைஸ் கருவியால் படத்தை 5 துண்டாக வெட்டியிருந்தேன். நாம் வெட்டுவதற்கு நீல எண் விழும். மிச்ச இடத்தை அதுவே சாம்பல் எண் போட்டு நிரப்பிக்கொள்ளும். 'சேவ் ஃபார் வெப்' போய்ச் சேமிக்கும்போது விளக்குக்கு ஜேபெக் கோப்பு, ஒரே நிறப் பட்டைக்கு கிஃப் கோப்பு. ஒரு பிக்சல்கூட விலகவில்லை.

அப்புறம் எப்படிக் கோடு?

மின்னஞ்சலை அடுக்கும் குறிமொழியான எச்டிஎம்எல், படத்தையும் ஓர் எழுத்தைப் போலத்தான் வரியில் உட்கார வைக்கும். 'ழ'வின் வால் தொங்க வேண்டுமே என்று அடியில் கொஞ்சம் இடம் விடும். இல்லாத வாலுக்கு இடம்! ஒவ்வொரு துண்டுக்கும் 'டிஸ்பிளே பிளாக்' என்ற கட்டளையைச் சேர்த்திருந்தால் ஒட்டியிருக்கும். நான் ஒன்றில் விட்டுவிட்டேன்.

இணையதளங்கள் இந்த வெட்டு வேலையை மறந்து வெகுநாளாயிற்று. மின்னஞ்சலில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெட்டுவதற்கு ஐந்து நிமிடம், வெட்டியது தெரியாமல் வைப்பதற்கு அரை நாள்.

சாயங்காலம் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே அம்மாவிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "விளக்குக்கு மல்லிகைச் சரம் சுத்தியிருக்கியா? நல்லாத்தான்டா இருக்கு."