ஹட்டனில் பூட்டிய பிளேடு, துபாய்ப் பனியில் திருத்திய எட்ஜ்

ஐஸ் ஸ்கேட்டிங்கில் பிளேட்டின் வெளிக் கரையான வெளி எட்ஜில் நிற்கப் போகும்போதெல்லாம் கால் உள்ளுக்குச் சரிந்தால், பயிற்சியாளர்கள் முதலில் முழங்காலையும் இடுப்பையும்தான் பார்ப்பார்கள். அவை இரண்டும் சரியாக இருந்தும் சரிகிறது என்றால் சப்பாத்தையும் பிளேட்டையும் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சப்பாத்து காலைப் பிடிக்கிறதா என்பது முதலாவது. பிளேட்டின் இரண்டு எட்ஜும் ஒரே உயரமா என்பது இரண்டாவது. பிளேடு பூட்டிய இடம் கடைசி. எடுத்தவுடன் பிளேட்டை நகர்த்துகிறவர்கள் ஒரு பிழையை இன்னொன்றால் மூடிவிடுகிறார்கள்; சப்பாத்து பழகித் தளர்ந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

மலையகத்தில் பனித்தளம் கிடையாது. நுவரெலியாவில் தை, மாசிக் காலையில் புல்லில் உறைபனி படிவதோடு சரி. அக்கா மகள் பழகுவது துபாய் மோலில் இருக்கும் ஒலிம்பிக் அளவு பனித்தளத்தில். விடுமுறைக்கு ஹட்டனுக்கு வந்தபோது புதுச் சப்பாத்தும் பிளேடும் தனித்தனிப் பெட்டியில் கூடவே வந்தன. தரையில் செய்யக்கூடியதை இங்கேயே முடித்து, பனியில்தான் தெரியக்கூடியதை அங்கே பார்த்து, வாட்ஸ்அப் வீடியோ மூலம் திருத்தினோம். பனித்தளத்துக்குத் தூரத்தில் இருக்கும் எந்தக் குடும்பமும் இதே முறையில் செய்யலாம்.

கால் அளவைப் பின்னேரத்தில் எடுக்கவேண்டும். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். பிள்ளை முழுப் பாரத்தையும் அந்தக் காலில் போட்டு நிற்க, பென்சிலை நேராகப் பிடித்துக் கடதாசியில் கோடு இழுக்கவேண்டும். குதியிலிருந்து மிக நீளமான விரல் வரை மில்லிமீட்டரில் நீளம், விரல் மொளிகளின் சுற்றளவு, குதியின் அகலம் ஆகிய மூன்றும் வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கவேண்டும். வீதியில் போடும் சப்பாத்தின் நம்பரை நம்பி வாங்கக்கூடாது. ஸ்கேட் சப்பாத்து பொதுவாக அதைவிட ஒன்று, ஒன்றரை நம்பர் சிறிதாகவே வரும்.

போட்டுப் பார்க்கும்போது மெல்லிய மேஸ் மட்டும் போதும். நாடா கட்டாமல் விரல்களை முன்னால் தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு பென்சில் நுழையும் அளவு இடம் போதுமானது. கட்டியபின் நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொடலாம், முழங்காலை மடக்கினால் விலகவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் குதி. முழங்காலை மடக்கி எழும்பும்போது உள்ளே குதி கிளம்பினால், கால் சாய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிளேடு சாயும். ஒற்றைக் காலில் எட்ஜ் மாற்றித் திரும்பும் த்ரீ டர்ன் வழுக்கிப் போவதற்கு அந்தத் தாமதமே பல தடவை காரணம். ‘வளர்கிற பிள்ளை’ என்று பெரிதாக வாங்கித் தடித்த மேஸ் போட்டு நிரப்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

நாடாவை விரல் பக்கம் இலேசாகவும், கணுக்கால் மடியும் இடத்தில் நன்றாக இறுக்கியும், மேல் கொக்கிகளில் திரும்பவும் கொஞ்சம் தளர்த்தியும் கட்டவேண்டும். மேலே இறுக்கினால் முழங்கால் மடியாது. மடியாத காலில் ஆழமான எட்ஜ் வராது. கணுக்கால் எலும்பில் அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் சப்பாத்தின் தோலை வெளியே தள்ளிக் கொடுக்கலாம். டவுனில் சப்பாத்து தைக்கிறவரிடம் சரியான இடத்தைப் பேனையால் குறித்துக் கொடுத்தால் செய்து தருவார். தட்டைப் பாதம் என்றால் உள்ளே போடும் தாங்கியை முதலில் சரிசெய்யவேண்டும். அதைச் செய்யாமல் பிளேட்டால் தட்டைப் பாதத்தைத் திருத்த முடியாது.

அடுத்தது எட்ஜ். பிளேட்டின் அடியில் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் இரு கரைதான் உள் எட்ஜும் வெளி எட்ஜும். பள்ளத்தின் வளைவை ஆரத்தால் சொல்வார்கள். 7/16 அங்குலம், 1/2 அங்குலம் என்பவை வழக்கமான அளவுகள். எண் சிறிதானால் பள்ளம் ஆழம். 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளேட்டில் 1/2 அங்குல ஆரத்துக்கு ஆழம் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர், 7/16க்கு 0.18, 3/8க்கு 0.21. சாணை பிடித்தவரின் கை சற்றுக் கோணி ஒரு எட்ஜ் 0.1 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டாலே பள்ளத்தின் பாதிக்கு மேல் போய்விட்டது என்பது இதிலிருந்து விளங்கும். உயர்ந்த பக்கம் பனியை அள்ளிக் கடிக்கும், தாழ்ந்த பக்கம் வழுக்கும். பிள்ளை இதைக் ‘கால் பிழை’ என்றே நினைத்துக்கொள்ளும்.

பார்க்கும் விதம் எளிது. பிளேட்டைத் தலைகீழாகப் பிடித்து, நேரான இரும்பு அடிமட்டம் ஒன்றை இரண்டு எட்ஜுக்கும் குறுக்கே வைத்து, பிளேட்டின் பக்கத்தில் தச்சர் மூலைமட்டத்தைப் பிடித்து, பின்னால் டோர்ச் அடிக்கவேண்டும். முன், நடு, பின் என்று மூன்று இடத்திலும் பார்க்கவேண்டும். கோணல் என்றால் ஸ்கேட் பிளேடு தெரிந்தவரிடம் கொடுத்தே சரிசெய்யலாம். கத்தி, கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறவர் கையில் கொடுத்தால் பள்ளமும் போகும், நீளவாக்கில் இருக்கும் ரொக்கர் வளைவும் போகும். அந்த வளைவின் ஆரம் 7 அடி அல்லது 8 அடி. பழைய பிளேடு 7 அடியாக இருந்து புதியது 8 அடி என்றால், டர்ன் திரும்பும் இடம் மாறித்தான் தெரியும். அதைப் பூட்டிய பிழையோடு குழப்பக்கூடாது.

இனிப் பூட்டுவது. மலையக ஈரத்தில் இதற்கு முன் ஒரு வேலை உண்டு. தோல் அடி உள்ள சப்பாத்து என்றால், அடியையும் குதிக் கட்டையையும் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிடவேண்டும். துளை போட்ட பிறகு துளைக்குள்ளும் ஒரு சொட்டு. ஈரம் ஏறிய தோல் ஊறி ஸ்க்ரூவை விட்டுவிடும். பிறகு எந்த அளவும் நிற்காது. அவசரப்பட்டு அடுப்புக்கு மேலே காயவைத்தால் பசை இளகும்.

அடியில் நடுக்கோடு போடவேண்டும். குதியின் அகலத்தை அளந்து அதன் நடு ஒரு புள்ளி. முன்னால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட இடம் இன்னொரு புள்ளி. கடதாசியில் எடுத்த கால் கோட்டை வைத்து இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிளேட்டை அந்தக் கோட்டில் வைத்து, அதன் முன்தட்டும் குதித்தட்டும் சப்பாத்தின் அடியில் முழுதாக உட்காருகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் ஸ்க்ரூவை முறுக்கி இழுக்கக்கூடாது. பிளேடு வளையும், ஒரே பிளேட்டில் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமும் சாயும். மெல்லிய தோல் துண்டு வெட்டி இடைவெளியை நிரப்பவேண்டும். பூட்டிய பிறகு பிளேட்டின் முன்நுனிப் பல்லான டோ பிக்கிலிருந்து வால் வரை நூல் பிடித்துப் பார்ப்பதும் அவசியம்.

முதலில், பிளேட்டைப் பிறகு நகர்த்த இடம் தரும் நீள்துளைகளில் மட்டும் ஸ்க்ரூ போடவேண்டும். முன்தட்டில் மூன்று, குதித்தட்டில் இரண்டு போதும். வட்டத் துளைகளைத் தொடவே கூடாது. குத்தூசியால் குறித்து, ஸ்க்ரூவின் நடுத்தண்டைவிட மெல்லிய துளை போட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவைக் கையாலேயே முறுக்கவேண்டும். மெஷின் முறுக்கினால் தோலில் மரை கழன்றுவிடும்.

பனியில் செய்யும் சோதனை இது. தளம் புதிதாக மெழுகிய நேரத்தில், நேராக ஒற்றைக் காலில் முழங்காலை மடக்கிச் சறுக்கவேண்டும். பிளேடு நேராக நின்றால் பனியில் இரண்டு மெல்லிய கோடு பக்கம் பக்கமாக விழும். ஒரு கோடு மட்டும் விழுந்து வளைந்தால் எட்ஜ் தானாக ஏறுகிறது. பின்னாலிருந்து, கணுக்கால் உயரத்தில் வீடியோ எடுக்கவேண்டும்.

“மாமா, இடது கால் மட்டும் உள்ளுக்கு விழுது, வலது சரி” என்று மருமகள் அனுப்பிய வீடியோவில் இடக்கால் நெடுக ஒரே அளவாக உள் எட்ஜுக்குச் சாய்ந்தது. குதி சப்பாத்தில் அசையவில்லை, எட்ஜ் இரண்டும் மட்டம். அப்படியென்றால் பிளேடு வெளிப்பக்கம் கூடிவிட்டது. பாரம் பிளேட்டுக்கு உள்பக்கம் விழுகிறது. அத்தானிடம் முன்னும் பின்னும் பெருவிரல் பக்கமாக 1 மில்லிமீட்டர் நகர்த்தச் சொன்னோம். நகர்த்துவதற்கு முன் தட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு போனது என்பது தெரியும். வெளி எட்ஜுக்குத் தானாக விழும் காலுக்கு இதற்கு எதிராகச் செய்யவேண்டும். பாரம் முன்னுக்குப் போகும்போது மட்டும் வளைந்தால் முன்தட்டை மட்டும் நகர்த்தலாம். ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கால் பழக நேரம் கொடுத்து மறுபடி பார்க்கவேண்டும்.

லட்ஸ் பழகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். அது பின்னோக்கிச் சறுக்கி வெளி எட்ஜிலிருந்து எழும்பவேண்டிய தாவல். ஃபிளிப் என்ற தாவல் பின்னோக்கிச் சறுக்கி உள் எட்ஜிலிருந்து. கடைசி நொடியில் கால் உள்ளுக்குச் சரிந்தால், போட்டியில் பிழையான எட்ஜ் என்று ‘இ’ குறி போட்டுப் புள்ளியைக் குறைப்பார்கள். வெளிப்பக்கம் பூட்டிய பிளேட்டோடு அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தாவச் சொல்வது அநியாயம்.

இரண்டு காலும் நேர்க்கோட்டில் ஓடிய பிறகுதான் வட்டத் துளைகளில் நிரந்தர ஸ்க்ரூ. இடம் மாற்றியதால் மிஞ்சிய பழைய துளையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் ஓரத்தை வெட்டி, வார்னிஷ் வைக்கவேண்டும். திறந்து விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். விடுமுறைக்கு மலைக்கு வரும்போது பிளேட்டைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகப் பூசி, துணி உறையில் வைக்கவேண்டும். பிளேட்டில் மாட்டும் பிளாஸ்டிக் காப்புறை நடப்பதற்கு மட்டும்தான். அதற்குள் ஈரம் தங்கி எட்ஜில் துரு பிடிக்கும். திரும்பிப் போய்ப் பனியில் இறங்குமுன் எண்ணெயைத் துடைத்து, எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை கையால் முறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.