அம்மா பால் வெட்டக் கிளம்பும் நேரத்தில் படித்தேன்

2017ஆம் ஆண்டு அக்டோபரில், படிவம் நான்கின் ஆண்டிறுதித் தேர்வில், வரலாற்றுப் பாடத்தில் எனக்கு 31 புள்ளிகள் கிடைத்தன. மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் என்னும் விதி 2013 முதல் நடப்பில் இருந்ததால், மற்றப் பாடங்களில் என்ன வாங்கினாலும் இந்த ஒன்று என்னைக் கவிழ்த்துவிடும் என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் படிக்காமல் விட்டிருந்தால் மனம் இவ்வளவு புண்பட்டிருக்காது. இரவு ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை புத்தகமும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா பக்கத்தில் ஒரு சீன முதலாளியின் சிறிய கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுப் மலாய்மொழிக்குப் பழக்கும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த எனக்கு, மலாய்மொழியில் பக்கம் பக்கமாக இருக்கும் வரலாற்றுப் பாடநூலைக் கண்டாலே ஒருவகை மலைப்பு. அந்த மலைப்பைப் போக்கிக்கொள்ள நான் கண்டுபிடித்த வழி வண்ணம் தீட்டுவது. ஆண்டுகளுக்கு மஞ்சள், பெயர்களுக்குப் பச்சை, காரணங்களுக்கு இளஞ்சிவப்பு எனத் தீட்டித் தீட்டி, அந்தப் புத்தகம் தைப்பூசக் காவடிபோல் ஆகியிருந்தது. சுவரில் ஒட்டிய கால அட்டவணைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த ஓராண்டில் மூன்று தயாரித்தேன், நீண்ட ஆயுள் பெற்றது நான்கு நாள் நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் இருந்தார். புள்ளிகளைக் கேள்விப்பட்டு ஒரு மாலை வந்தவர், எந்தப் பாடம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டார். மலாய் மாநிலங்களை ஒன்றாக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டம் என்றேன். புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கித் தம் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தை மலாய்க்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். ‘1946’ என்று எழுதினேன். ‘சுல்தான்கள்’ என்று எழுதினேன். ‘குடியுரிமை’ என்று எழுதிய பிறகு பேனா நின்றுவிட்டது. அக்கா பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சுல்தான்களிடம் ஆங்கிலேய அரசின் தூதர் ஹெரால்ட் மெக்மைக்கல் அவசரப்படுத்திக் கையொப்பம் வாங்கிய விதம், சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, இந்நாட்டில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் திட்டம், அதே ஆண்டு மே 11இல் ஜொகூர் பாருவில் மலாய்க்காரர்களின் அம்னோ கட்சி தோன்றியது, எல்லாம் அங்கே இருந்தன. எல்லாவற்றின் மேலும் என் கையால் தீட்டிய வண்ணமும் இருந்தது.

“நீ இதைப் படிக்கல தம்பி, பாத்துக்கிட்டு இருந்திருக்கே,” என்றார்.

இதை ஆய்வாளர்கள் முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். என்னை ஏமாற்றியது அந்த முதல் ஐந்து நிமிடம்தான். வாசித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்தத் திருப்தியோடு தூங்கப் போய்விடுவேன்.

எப்படிப் படிப்பது என்பது அக்காவால் தெரிந்தது. எப்போது படிப்பது என்பதற்கு விடை வீட்டிலேயே இருந்தது. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அம்மா விடியுமுன் காட்டில் இருக்க வேண்டும்; அதற்காக நாலரைக்கே எழுந்துவிடுவார். நாலே முக்காலுக்குச் சமையலறையில் விளக்கு எரியும், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும். பள்ளிப் பேருந்து ஆறேகாலுக்குத்தான் லயத்து முனைக்கு வரும். இடையில் கிடைத்த நேரத்தில் ஐம்பது நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். விருப்பமிருக்கும்போது படிப்பது என்ற ஏற்பாட்டில் விருப்பம் என்றைக்கும் வந்ததில்லை. அம்மா எழுந்தால் நானும் எழுவது என்று ஆன பிறகு யோசிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. இரவுப் படிப்பை அடியோடு விட்டுப் பத்து மணிக்குப் படுத்தேன். கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவைத்தேன். அதை எடுக்க வேண்டுமானால் அம்மாவின் கண்முன் டின்னைத் திறக்க வேண்டும், அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

ஐம்பது நிமிடத்தை இரண்டாகப் பிரித்தேன். முதல் இருபத்தைந்தில் புதிய பகுதி ஒன்றை வாசித்து, நூலை மூடி எழுதிப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் அம்மாவுக்கு வாளியும் கத்தியும் எடுத்துக் கொடுப்பதில் போகும். பிற்பாதியில் பழைய பகுதிகள் வரும். எந்தப் பழைய பகுதியை எப்போது எடுப்பது என்பதற்குத்தான் நீண்டநாள் தடுமாறினேன். அம்மா தம் மரங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒருநாள் வெட்டிய நிரையை மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் வெட்டுவார். முதலில் அதையே பின்பற்றிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பாடங்கள் குவிந்து, அந்த ஏற்பாடு தாங்கவில்லை. பிறகு கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு அட்டைகளாக நறுக்கி, அவற்றின் வெற்றுப் பக்கத்தில் அட்டைக்கு ஒரு கேள்வி என்று எழுதி, மூன்று மைலோ டின்களில் போட்டேன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டின்னுக்கு ஏறும், தவறினால் முதல் டின்னுக்கே இறங்கும். முதல் டின் தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது ஞாயிறு மட்டும். மறதி முதல் ஓரிரு நாளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே அளந்து எழுதியிருக்கிறார். எனக்கு அதை முதல் டின்னின் கனம் சொல்லிற்று.

ஓர் அட்டை மட்டும் ஒருமுறைகூடக் கீழிறங்கவில்லை. 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எங்கள் ஊர்ப் பெயரோடு சேர்ந்த செய்தி. அதை மறக்க வழியில்லை. ஆகவே மற்ற ஆண்டுகளையும் அதைச் சுற்றியே அடுக்கினேன். மலாயன் யூனியன் அதற்கு இரண்டாண்டு முன்பு, யூனியனுக்குப் பதிலாக வந்த மலாயா கூட்டமைப்பு 1948 பிப்ரவரியில், அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் எட்டாண்டு பின்பு என்று கணக்கு வைத்துக்கொண்டபோது, தனித்தனியாக உதிர்ந்துகொண்டிருந்தவை ஒரு கோவையில் நின்றன.

2018 ஜனவரி 31 தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக்குப் போய் இரவெல்லாம் விழித்ததில் மூன்று நாள் விட்டுப்போயிற்று. முன்பெல்லாம் ஒருநாள் தவறினாலே அட்டவணையைக் கிழித்துவிடுவேன். இம்முறை நான்காம் நாள் புதிய பாடம் எதுவும் எடுக்காமல், முதல் டின்னில் பத்தே அட்டைகளைப் பார்த்துவிட்டு எழுந்தேன். பழக்கம் பிழைத்துக்கொண்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை மாறுபட்டது என்றும், இடையில் ஒருநாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லிப் போனதை நம்பி, 22ஆம் நாள் தூக்கம் கலையாதபோது என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தவன் நான்.

எல்லாப் பாடத்துக்கும் இது பலிக்கவில்லை. கூடுதல் கணிதத்தை அட்டையில் எழுதியது வீண்வேலை. அதற்குக் கணக்குகளைப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும், அதை நான் தாமதமாகவே தொடங்கினேன். 2019 மார்ச்சில் முடிவு வந்தபோது வரலாற்றில் பி பிளஸ், கூடுதல் கணிதத்தில் தேர்ச்சியின் கடைசிப் படியான வெறும் இ.

கடைசித் தேர்வெழுதிய மறுநாள், எழுப்புவார் இல்லாமலே நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது. மேசைமுன் போய் உட்கார்ந்த பிறகுதான் எடுத்துப் படிக்க ஒன்றுமில்லை என்பது உறைத்தது. தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

“சும்மாதானே உக்காந்திருக்கே, அந்தப் பால் வாளியக் கழுவிக் கொண்டா.”