‘மகள்’ என்று அடித்தால் ‘மகள்’ என்றே விழும் கீபோர்டு

2025 ஜூன் 3, செவ்வாய்

இந்த மாதம் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் உள்ளது, வாங்கிவிடப் போகிறேன். 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் என்பதால் அதற்கு மேல் நகர இடமில்லை.

கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில். நாள் முழுக்கத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில்தான் அடிக்கிறேன். இப்போதுள்ள மெம்பரேன் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ரப்பர் குமிழ். அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். ரப்பர் இறுகிப்போன இடங்களில் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் வலது சுண்டுவிரல் கடுக்கிறது.

அந்த விரல் மட்டும் கடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தரப்படுத்திய அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. வலது சுண்டுவிரலின் பங்கில் ண, ச, ஞ, ந, ய, ழ என ஆறு எழுத்துகள் வருகின்றன. ஆங்கிலம் அடிப்பவருக்கு அதே விரலில் ‘பி’ (P) என்ற ஓர் எழுத்துதான், மற்ற இடமெல்லாம் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு. கீபோர்டு விமர்சனங்களில் சுண்டுவிரலைப் பற்றி யாருமே பேசாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது ஓரத்து விரல். எனக்கு அது ‘செய்யாமல்’ என்ற சொல்லில் மூன்று தடவை வேலை செய்கிற விரல்.

2025 ஜூன் 5, வியாழன்

அக்கா மகன் தன் பழைய மெக்கானிக்கல் கீபோர்டைக் கொடுத்திருக்கிறான், பழகிப் பார்க்க. கல்லூரியில் சேர்ந்தபோது அவன் விளையாட்டுக்காக வாங்கியது. விரலுக்கு உண்மையிலேயே சுகம். பாதி தூரம் அமுக்கும்போதே எழுத்து பதிவாகிவிடுகிறது.

ஆனால் இரண்டு பக்கம் அடித்துத் திருப்பிப் படித்தபோது திடுக்கிட்டேன். “அவர் தன் மக்கள் திருமணத்துக்கு” என்று இருக்கிறது. நான் அடித்தது ‘மகள்’. இன்னோர் இடத்தில் ‘படம்’ என்பது ‘பட்டம்’ ஆகியிருக்கிறது.

விஷயம் இதுதான். ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை, சில நுண்கணங்கள் அதிர்ந்துவிட்டுத்தான் நிலைக்கும். அந்த அதிர்வைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடாமல் இருக்க, கீபோர்டின் உள்மென்பொருள் ஏறத்தாழ 5 மில்லிநொடி பொறுத்துப் பார்க்கும். தகடு தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ அதிர்வு அந்த வரம்பைத் தாண்டும், ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். ஆங்கிலத்தில் இது ஒரு எழுத்துப்பிழை, உடனே கண்ணில் படும், பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போட்டுவிடும். தமிழ்99இல் அப்படி இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். அந்த அமைப்பின் பெரிய வசதியே அதுதான். ஆகவே ஒரு கெட்ட ஸ்விட்ச் பாடு என்பதைப் பாட்டு ஆக்கும், கடையைக் கட்டை ஆக்கும், பதியைப் பத்தி ஆக்கும். எல்லாமே சரியான சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. அச்சுக்குப் போய்விடும்.

அழகு, ஒலி, விளக்கு எல்லாம் பிறகு. ஓர் அழுத்தத்துக்கு ஓர் எழுத்து, இரண்டு அழுத்தத்துக்கு இரண்டு எழுத்து. அதை நம்பகமாகத் தருகிற கீபோர்டு வேண்டும்.

2025 ஜூன் 8, ஞாயிறு

அக்கா மகன் மதியம் சாப்பிட வந்தான். “சித்தி, 61 விசை உள்ளதா வாங்குங்க. மேஜையில இடம் மிச்சம், விலையும் குறைவு.” அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில 61 விசைப் பலகைகளில் அம்புக்குறிகளுக்கென்று தனி இடம் இல்லாததால், வலது ஷிப்டுக்குப் பக்கத்திலுள்ள சாய்கோட்டு விசையிலேயே மேல் அம்பையும் ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சாய்கோடுதான் எனக்கு ழ. தமிழ் என்ற சொல்லையே இன்னொரு விசையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடிக்கும் நிலை வந்துவிடக் கூடாது.

அதைவிடச் சின்ன பலகைகளும் இருக்கின்றன. அவற்றில் சதுர அடைப்புக்குறிகளே கிடையாது, அதாவது ச, ஞ இரண்டும் போயின. மறுகோடியில் 104 விசை முழுப் பலகை. எண்பகுதி எனக்குத் தேவைப்படுவதே இல்லை, அதனால் மௌஸ்தான் தள்ளிப்போகும், தோள் வலிக்கும். மெய்ப்புப் பார்க்கும்போது ஹோம், எண்ட், பேஜ் அப், அம்புகள் இவை ஓயாமல் வேண்டும். எண்பகுதி மட்டும் நீக்கிய 87 விசைதான் பொருத்தம். டிகேஎல் என்று கேட்டால் கடைக்காரர்களுக்குப் புரியும்.

2025 ஜூன் 11, புதன்

விசைகளின் மேல்மூடியான கீகேப் பற்றி இரவு படித்தேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் வழுவழுப்பாகிப் பளபளக்கும், பிபிடி சொரசொரப்பு தாங்கும். இந்த விலையில் ஏபிஎஸ்தான் அதிகம் கிடைக்கிறது. பரவாயில்லை, பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் எழுத்து அச்சிட்ட கீகேப்பும் வேண்டாம். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேடு தமிழ்99இல் புள்ளிக்கும் ப-வுக்கும் கீழே வருகிறது, சுட்டுவிரல்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் கண் தேவையில்லை.

வண்ண விளக்குக்குப் பணம் கொடுப்பதாயில்லை.

2025 ஜூன் 14, சனி

ரிச்சி ஸ்ட்ரீட், சென்னையில் கணினிப் பொருட்கள் விற்கும் தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனது நல்லதாயிற்று. கடைக் கணினியில் தமிழ்99 இருக்காது.

ஒரு கடையில் காட்சிக்கு நாலைந்து கீபோர்டு வைத்திருந்தார்கள். “கேமிங்கா அக்கா, ஆபீஸ் வேலையா?” என்று கேட்டார் அங்கிருந்த தம்பி. தமிழ் டைப்பிங் என்றேன். “டைப்பிங்னா கண்ணை மூடிட்டு ப்ளூ எடுத்துக்கங்க, டைப்ரைட்டர் மாதிரியே சத்தம் வரும்.”

ப்ளூ, ப்ரௌன், ரெட் என்ற ஸ்விட்ச் வகைகளின் நிறப் பெயர்கள் செர்ரி என்ற ஜெர்மானிய நிறுவனத்திலிருந்து வந்தவை. 1980களில் அவர்கள் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்சின் காப்புரிமை முடிந்துவிட்டது. கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவத்தில் குறைந்த விலைக்குச் செய்ததால்தான் என் 3,000 ரூபாய்க்கு இன்று மரியாதை கிடைக்கிறது. செர்ரியின் அளவுப்படி ரெட்டை அமுக்க ஏறத்தாழ 45 கிராம் அழுத்தம், ப்ரௌனுக்கு 55, ப்ளூவுக்கு 60. ரெட்டில் 2 மில்லிமீட்டர் இறங்கினால் எழுத்து பதிவு, முழு ஆழம் 4. ரெட் வழுக்கிக்கொண்டே இறங்கும். ப்ரௌனில் நடுவில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். ப்ளூவில் தடையும் உண்டு, ‘டிக்’ என்ற ஒலியும் உண்டு.

அந்தத் தம்பி சொன்னபடி ப்ளூவில்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒலி மனதுக்குப் பிடித்தது, மறுக்க மாட்டேன். அம்மா ஹையர் பாஸ் செய்தவள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த காது இது. ஆனால் பக்கம், பாட்டு, பத்தி, அச்சு, அப்பா என்று இரட்டிக்கும் சொற்களாக வேகமாக அடித்தபோது, நடுநடுவே ‘பாட்டு’ வெறும் ‘பாடு’ ஆகி நின்றது. அக்கா மகனின் கீபோர்டில் பட்ட பாட்டுக்கு நேர் எதிர். ப்ளூவின் உள்ளே ஒலி எழுப்பும் தனித்துண்டு ஒன்று ஏறி இறங்குகிறது. அதனால் எழுத்து பதிவாகும் இடம் கீழேயும், விசை விடுபட்டதாகக் கணக்காகும் இடம் நன்றாக மேலேயும் இருக்கின்றன. இரண்டாவது தட்டுக்கு முன் விரலை அவ்வளவு உயரம் தூக்கியாக வேண்டும். தமிழில் இரட்டிப்பு வராத வரி ஏது? ரெட்டில் அந்த இரு இடங்களும் பக்கம் பக்கம். அதே சொற்களை அதே வேகத்தில் அடித்தேன், ஒன்றும் விடுபடவில்லை. ப்ரௌனும் தேறியது.

தம்பி பொறுமையாக நின்று பார்த்தார். “இப்படி யாரும் வந்து டெஸ்ட் பண்ணதில்ல அக்கா” என்றார். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆறையும் அடித்துக் காட்டி, புள்ளி விசையைத் தொடாமலே புள்ளி விழுவதை அவருக்கு விளக்கினேன். வீட்டுக்குப் போய் மொபைலில் முயன்று பார்ப்பதாகச் சொன்னார். மனசு நிறைந்துபோயிற்று.

2025 ஜூன் 16, திங்கள்

ரெட் என்று ஆயிற்று. இனி எந்தப் பலகை?

கீக்ரான் சி3 ப்ரோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 87 விசை, கம்பி இணைப்பு, க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருள் உள்ளே இருக்கிறது. விசைகளை இஷ்டப்படி மாற்றி அமைக்கலாம். என் வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதைவிட முக்கியம், நான் பார்த்த வகையில் ஸ்விட்சுகள் பற்றவைத்தவை. ஒரு ட-வோ க-வோ அதிர ஆரம்பித்தால் ஈயம் உருக்கி எடுக்க வேண்டும்.

ஹாட்ஸ்வாப் பலகையில் அந்தக் கவலை இல்லை. இடுக்கியால் ஸ்விட்சைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினால் முடிந்தது. தேய்மானம் எல்லா ஸ்விட்சுக்கும் வரும். வரும் நாளில் எனக்கு வேலை நிற்கக் கூடாது, பாதி அடித்த நாவலோடு சர்வீஸ் சென்டரில் காத்திருக்க முடியாது. மென்பொருளை விட்டு ஹாட்ஸ்வாப்பை எடுப்பது என்று தீர்மானித்தேன்.

வாங்குபவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒரே மாடல் பெயரில் பற்றவைத்ததும் வரலாம், ஹாட்ஸ்வாப்பும் வரலாம், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள். அடுத்தது, விலை குறைந்த பலகைகள் சிலவற்றின் துளைகள் அவுட்டெமு ஸ்விட்சின் மெல்லிய கால்களுக்கு மட்டுமே பொருந்தும். வேறு நிறுவன ஸ்விட்சை அழுத்திச் செருகினால் துளை கெடும்.

அவுட்டெமு ரெட் போட்ட 87 விசை ஹாட்ஸ்வாப் பலகை 2,499 ரூபாய்க்குக் கிடைத்தது. மிச்சக் காசில் உதிரியாகச் சில ரெட், இரண்டே இரண்டு ப்ரௌன்.

2025 ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன், மாற்றிக்கொள்ளும் கெடு முடியும்வரை. முதல் வேலையாக மகள், படம், பாடு, கடை, பதி என்று பக்கம் நிறைய அடித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. எல்லா விசையையும் இப்படிச் சோதித்துவிட வேண்டும், பிறவியிலேயே கோளாறுள்ள ஸ்விட்ச் அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்பேஸ்பார் கடகடக்கிறது. அகலமான விசைகளுக்கு அடியில் இரு முனையையும் சமமாக இறக்க ஒரு கம்பி போட்டிருக்கிறார்கள், ஸ்டெபிலைசர். அது பிளாஸ்டிக்கில் தட்டும் ஒலி. கம்பி முனைகளில் சிலிக்கோன் கிரீஸ் துளி தடவினேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

பழையதைவிடப் பலகை உயரம். பின்கால்களை மடித்துத் தட்டையாக வைத்து, முன்னால் ஒரு துண்டை உருட்டி மணிக்கட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.

2025 ஜூன் 28, சனி

சுண்டுவிரல் கடுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. ச-வுக்கு மேலே எட்டும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது, தொட்டால் போதும், குத்த வேண்டாம்.

ரெட்டுக்கு ஒரு குறை உண்டு. யோசித்துக்கொண்டே கை வைத்திருக்கும்போது சுண்டுவிரலின் கனத்துக்கே ‘ந’ விழுந்துவிடுகிறது. வரியின் முடிவில் ஒரு காரணமும் இல்லாமல் ‘ந’. மற்ற விரல்களில் இது நடக்கவில்லை, அந்த விரல்தான் சாய்ந்து படுக்கிறது. நேற்று அரைப்புள்ளி விசையின் ரெட்டைப் பிடுங்கிவிட்டு, உதிரியாக வாங்கிய ப்ரௌன்களில் ஒன்றைச் செருகினேன். நடுவிலுள்ள தடை விரலைத் தாங்கிக்கொள்கிறது. இன்று காலையிலிருந்து ஓர் அத்தியாயம் அடித்தாயிற்று, வேண்டாத ‘ந’ ஒன்றுகூட இல்லை. ‘ய’ விசைக்கும் ப்ரௌன் போடலாமா என்று அக்கா மகன் கேட்கிறான். வேண்டாம், அது ரெட்டாகவே இருக்கட்டும். மீதமுள்ள ப்ரௌன் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.