அண்ணன்கிட்ட சொன்னது

போன மாதம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில், முன்பு நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒரு பையனைப் பார்த்தேன். கையில் மீன் பை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

அன்று ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கத்து ஜண்டகோட் விமான நிலையம், பயிற்சி விடுதிச் சமையலறை. மைலோ கலக்கிக்கொண்டே, "அண்ணே, பத்து நாளா சரியாத் தூக்கமில்ல, மூணு மணி நேரம் வந்தா பெருசு" என்றான். மறுநாள் காலை அவனுக்கு முதல் சோலோ, பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறப்பது.

சிங்கப்பூரில் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து ஏறினால் ஒரு பக்கம் சாங்கி விமான நிலையம், ஒரு பக்கம் பாய லேபார் விமானத் தளம், நீரிணையைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர். பழகுவதற்கு வானம் ஏது? அதனால்தான் பிள்ளைகளைப் பெர்த்துக்கு அனுப்புகிறோம். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம். தினமும் ஒன்பது மணிக்குச் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அவன் அம்மா அழைப்பார். "தம்பி, பக்கத்துல இருந்து பாத்துக்கங்க" என்று என்னிடமும் சொல்வார்.

முந்தைய நாள் டவுன்விண்டில், அதாவது இறங்குமுன் ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது, வானொலியில் விமானத்தின் அழைப்புப் பெயரை இரண்டு முறை மாற்றிச் சொல்லியிருந்தான். பதற்றம் என்று விட்டிருந்தேன். சோலோ அன்று காலையில், அவனுக்குத் தூக்கமில்லை என்று தலைமைப் பயிற்றுநரான சீஃபிடம் சொல்லிவிட்டேன்.

சோலோ நின்றது. பிறகு மருத்துவப் பரிசோதனை, காத்திருப்பு, மறுபடி பரிசோதனை. கூட வந்தவர்கள் தூரப் பயணம் போகத் தொடங்கிவிட்டார்கள். ஏழாவது வாரம் பெட்டியைக் கட்டினான். கிளம்பும்போது சொன்னது இதுதான்: "நான் அண்ணன்கிட்டதான் சொன்னேன். சார்கிட்ட சொல்லல."

உடம்பு, மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, சாப்பாடு. ஆறில் ஒன்று சரியில்லையென்றாலும் பறக்காதீர்கள் என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் அதைத்தானே செய்தான்? மேகம் தாழ்வாக இருக்கிறது என்று நான் ஒரு பொய் சொல்லி இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் சோலோவில் பக்கத்து இருக்கை காலி. ஆயிரம் அடி உயரத்தில் கண் செருகினால் கையை நீட்ட யார் இருக்கிறார்கள்? செய்தது சரிதான்.

மனைவியிடம் வாதாடும்போது, துணை விமானியே வேண்டுமென்று மலையில் மோதிய ஜெர்மன்விங்ஸ் விமானத்தை இழுத்தேன். 2015 மார்ச் 24, 150 உயிர்கள். துணை விமானி தன் நோயை நிறுவனத்திடம் மறைத்திருந்தார். தூக்கம் வராத ஒரு பையனை அதோடு சேர்த்துப் பேசியது நினைத்தால் இன்றும் கூசுகிறது. "அந்த ஆளு மறைச்சாரு, இவன் சொல்லிட்டானே" என்றாள். என்னிடம் பதிலில்லை.

அதன்பிறகு நான் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மீதமிருந்த ஒன்றரை வருஷமும் ஒருவன்கூடத் தூக்கமில்லை என்று சொன்னதில்லை. எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள் போல.

இன்னொன்றை அவளிடமும் சொல்லவில்லை. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றிரவு நானும் தூங்கவில்லை. சீஃபின் அறையிலிருந்து வெளியே வந்து, என் ஆறு கேள்விக்கும் நானே சரி போட்டுக்கொண்டு, எட்டு மணிக்கு வேறொரு பையனை ஏற்றிக்கொண்டு பறந்தேன்.