மும்பையிலிருந்து வந்த மகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்த அனுபவம்

வீட்டுக்காரருக்குத் தாராவியில் வேலை நின்றதும் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவிக்கே திரும்பிவிட்டோம். மகள் ஏழாம் வகுப்பு பாதியில் இருந்தாள். மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுதுவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மும்பையிலிருந்து நம்ம பக்கத்துக்குத் திரும்புகிற நிறையக் குடும்பங்களுக்கு இதே நிலைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் போன அரசு உதவி பெறும் பள்ளியில், "டி.சி. இல்லாம எதுவும் பேச முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். டி.சி.யை மும்பையில் எல்.சி. என்பார்கள். வேறு மாநிலம் போகிற பிள்ளை என்றால் அதில் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பமும் கேட்பார்கள். வந்துசேர நாளாகும். அதற்காகப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவைப் படியுங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாநிலம் விட்டு மாநிலம் வந்தாலும் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற உரிமை உண்டு. டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனேன். எச்.எம். டீச்சர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்மா. நாளைக்கே பிள்ளைய அனுப்புங்க, டி.சி. வரும்போது வரட்டும்" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

அப்புறம் கம்ப்யூட்டர் வேலை. நாடு முழுக்கப் பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிகிற யூடைஸ் பிளஸ் தளத்தில் பழைய பள்ளி பிள்ளையை விடுவித்தால்தான், 'பென்' என்கிற மாணவருக்கான நிரந்தர எண்ணை வைத்து இங்கே ஏற்ற முடியும். போனில் கேட்டோம், செய்துகொடுத்தார்கள்.

பெரிய வேலை தமிழ்தான். சேர்க்கைச் சட்டம் நாடு முழுக்க ஒன்று, ஆனால் எந்த மொழி படிக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஆங்கில வழியில் சேர்த்தாலும் பொதுத்தேர்வில் தமிழில் 35 எடுத்தாக வேண்டும். தமிழ் ஐயா ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் தினமும் உட்காரவைத்தார். மெய்யோடு உயிர் சேருகிற முறை மராத்தியிலும் உண்டு என்பதால் அது சட்டென்று பிடிபட்டது. 'ள' அங்கேயும் இருக்கிறது, சிரமமில்லை. திணறியது எ-ஏ, ஒ-ஓ குறில் நெடிலில்தான். "ஒரே 'க'வ ரெண்டு சத்தமா எப்படிம்மா படிக்கிறது?" என்று அழுதும் இருக்கிறாள். ஐயா திட்டவே இல்லை. கடைப் பலகைகளையும் பஸ் பலகைகளையும் வாசிக்கச் சொன்னார். வீரவநல்லூர், பத்தமடை, முக்கூடல் என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தபிறகு வேகம் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை இப்போது அவளே படிக்கிறாள். வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் முன்கூட்டியே கவனமாக இருங்கள். மகாராஷ்டிரத்தில் பிள்ளை பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதுவார்கள். எல்.சி.யில் குடும்பப் பெயர் இடத்தில் தாத்தா பெயர் இருந்தது. ஆதாரில் வெறும் இனிஷியல். எச்.எம். டீச்சர் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்து, ஆதாரில் உள்ளபடியே பதிவேட்டில் எழுதினார். சேர்க்கிற அன்றைக்கே இதைக் கேட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு மாற்றுவது பெரும்பாடு.